முன் சக்கரத்தின் இரட்டைக்கிளவி

பழைய காரில் வானொலியின் சத்தம் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். கவனித்திருக்கிறீர்களா? புதுக் காரில் பன்னிரண்டில் வைத்துக் கேட்டவர், பத்து வருடம் கழித்து அதே காரில் பதினெட்டுக்கு வந்திருப்பார். காது மந்தமாகிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். கதவு ரப்பர், டயர், ஏசி, எஞ்சின் எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் சத்தத்தைச் சேர்த்துவிட்டிருக்கும். அவற்றையெல்லாம் தாண்டி நாங்கள் பேச வேண்டியிருக்கிறது. அதனால் உங்கள் கை தானாக வால்யூமைத் திருகுகிறது.

வானொலியில் பிழைப்பு நடத்தும் நான் இதைச் சொல்லக்கூடாது. என் மேலாளர் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் போகட்டும். இந்த வாரம் ஒரு நாள், ஒரு பத்து நிமிடம், எங்களை அணைத்துவிட்டு வண்டி ஓட்டுங்கள். பாட்டு வேண்டாம், போக்குவரத்துச் செய்தி வேண்டாம், பின் இருக்கையில் பிள்ளைகளின் கைப்பேசியும் வேண்டாம். முன் சக்கரங்கள் என்ன சொல்கின்றன என்று மட்டும் கேளுங்கள்.

இதை ஏன் நீங்களே செய்ய வேண்டும்? மலேசியாவில் சொந்தக் காருக்கு வருடா வருடம் கட்டாயப் பரிசோதனை கிடையாது. டாக்சி, பஸ், லோரி என்றால் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குப் போயாக வேண்டும். நம் கார் பெரும்பாலும் பெயர் மாற்றும்போதுதான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும். காப்புறுதி எடுத்தால் சாலை வரி கிடைத்துவிடும். சக்கரம் ஆடுகிறதா என்று யாரும் கேட்பதில்லை. பாலத்தைத் தாண்டினால் கதை வேறு. சிங்கப்பூரில் 3 வருடம் கடந்த காரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை சோதிக்கிறார்கள். 10 வருடம் கடந்துவிட்டால் ஆண்டுதோறும். இங்கே 1994-இல் வந்த கஞ்சிலும் 2005-இல் வந்த முதல் மைவியும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு இருக்கும் ஒரே பரிசோதகர், ஓட்டுகிறவரின் காதுதான்.

சத்தத்தைக் கேட்பது பெரிய வித்தையில்லை. கேட்டதைச் சரியாகச் சொல்வதில்தான் பலருக்குத் தடுமாற்றம். ஆனால் நமக்கு அதிலும் ஒரு வசதி இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு இரட்டைக்கிளவி மறந்திருக்காது: சலசல, கடகட, நறநற, கரகர. சோதனைக்காக மனப்பாடம் செய்தோம், அப்புறம் மறந்துவிட்டோம். காரின் முன்பக்கத்தை ஒரு மாதம் கேட்டுப் பாருங்கள், அத்தனையும் திரும்ப வரும். (தமிழாசிரியர்கள் பொறுத்தருள்க. கீழே வருபவற்றில் பாதி வெறும் ஒலிக்குறிப்பு என்பது எனக்கும் தெரியும்.)

என் தங்கையின் காரில் நடந்ததைச் சொல்கிறேன். அப்பா ஓட்டிக்கொண்டிருந்த சின்னக் கார், பதினைந்து வயதை நெருங்குகிறது. அவள் ரவாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறவள். பாதி நாள் இரவு ஓட்டம். முன்னால் ஏதோ சத்தம் வருகிறது என்று ஒரு பட்டறைக்குப் போனாள். அவர்கள் பார்த்தார்கள். முன் டயர் இரண்டும் உள்பக்க ஓரத்தில் தேய்ந்திருந்தன. இரண்டையும் மாற்றி, அலைன்மெண்ட் செய்து அனுப்பினார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. டயர் உண்மையிலேயே மாற்ற வேண்டிய நிலையில்தான் இருந்தது. ஆனால் மறுநாளும் அதே சத்தம். திரும்பப் போய்க் கேட்டால், “காரே பழசு, அப்படித்தான் இருக்கும்” என்ற பதில். அதற்கப்புறம் இரண்டு மாதம் அவள் வால்யூமைக் கூட்டிக்கொண்டு ஓட்டினாள்.

மூன்றாவது மாதம் அவளுடைய தாமானிலேயே இருந்த ஒரு சின்னப் பட்டறைக்குப் போனோம். எழுபது வயதுக்குப் பக்கத்தில் ஒரு சீன அங்கிள். பானெட்டைத் திறக்கவில்லை, ஜேக்கை எடுக்கவில்லை. மூன்றே கேள்வி கேட்டார். “பிலா புஞி?” எப்போது சத்தம் வருகிறது? “லாஜு பெராப்பா?” எத்தனை வேகத்தில்? “பெலோக் மானா?” எந்தப் பக்கம் வளையும்போது? முதல் இரண்டுக்கு அவளிடம் பதில் இருந்தது: எப்போதும் வருகிறது, 50-ஐத் தாண்டினால் நன்றாகக் கேட்கிறது. மூன்றாவதை அதுவரை அவளிடம் யாரும் கேட்டதில்லை. அவர் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார், நான் பின்னால். பக்கத்து நெடுஞ்சாலையில் ஏறினோம். நீளமான வலது வளைவில் உறுமல் கூடியது, இடது வளைவில் அடங்கியது. “கிரி. பேரிங்,” என்றார். இடது பக்கம்.

வலது பக்கம் வளைந்தால் இடது பக்கம் ஏன் கத்த வேண்டும்? பஸ்ஸில் நின்றுகொண்டு போயிருந்தால் உங்களுக்கே தெரியும். பஸ் வலது பக்கம் திரும்பினால் நாம் இடது பக்கம் சாய்வோம். காரின் எடையும் அப்படித்தான் வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் சாய்கிறது. தேய்ந்த பேரிங்கின் மேல் பாரம் ஏறினால் அது முனகும், பாரம் இறங்கினால் கொஞ்சம் அமைதியாகும். பெரும்பாலும் இப்படித்தான். எப்போதுமே இப்படி என்று சொல்ல முடியாது, அதனால் இதை மட்டும் நம்பிப் பொருள் வாங்க வேண்டாம். உறுதி செய்துகொள்ள வேறு வழி இருக்கிறது, பிறகு வருகிறேன்.

பேரிங் என்பது இரண்டு எஃகு வளையங்களுக்கு நடுவே உருளும் குண்டுகள், கொஞ்சம் கிரீஸ், இரண்டு பக்கமும் மூடியிருக்கும் ரப்பர் சீல். அவ்வளவுதான். காரின் எடையும் அதன் மேல், சக்கரத்தின் சுழற்சியும் அதன் மேல். குண்டுகள் ஓடும் பாதை கண்ணாடி போல வழவழப்பாக இருக்கும். அதில் ஒரு சின்னப் பொத்தல் விழுந்தால் போதும், ஒவ்வொரு குண்டும் அதன் மேல் ஏறி இறங்கும்போது ஒரு தட்டு. சின்னக் காரின் சக்கரம் 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குச் சுமார் 14 முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பல குண்டுகள் அந்தப் பொத்தலைக் கடக்கின்றன. நொடிக்கு இருபதுக்கு மேல் தட்டு விழுந்தால் நம் காது அதைத் தனித்தனியாக எண்ணாது, ஒரே சுருதியாகச் சேர்த்துவிடும். இது எங்கள் ஸ்டூடியோ பாடம். மெதுவாகப் போகும்போது ‘குறுகுறு’ என்றிருப்பது வேகம் கூடக் கூட ‘உர்ர்ர்’ என்று ஒரே இழுப்பாக மாறுவது அதனால்தான். தூரத்தில் ஹெலிகாப்டர் பறப்பது போல என்று சிலர் சொல்வார்கள். அதுவும் சரியான வர்ணனை.

பொத்தல் ஏன் விழுகிறது? வயது ஒரு காரணம். நம் சாலைக் குழிகள் இன்னொன்று. சக்கரத்தைச் சாலையோரக் கட்டில் மோதுவது, அழகுக்காக அளவு பொருந்தாத ரிம் போடுவது இவையும் உண்டு. பலர் நினைத்துப் பார்க்காத காரணம் வெள்ளம். ஓடிச் சூடான பேரிங் சட்டென்று குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கிரீஸ் கெட்டு, உள்ளே துரு பிடிக்கும். அது அன்றைக்கே தெரியாது. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் தண்ணீர் ஏறியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்படி முழுகிய கார்களை விடுங்கள், அவற்றை உடனே பார்த்திருப்பார்கள். சக்கரத்தின் பாதி அளவுத் தண்ணீரில், “ஓடிருச்சு, தப்பிச்சோம்” என்று கடந்து வந்த கார்தான் பல மாதம் கழித்து உறும ஆரம்பிக்கும். அப்போது நமக்கு வெள்ளம் மறந்திருக்கும்.

சரி, உங்கள் பத்து நிமிட ஓட்டத்துக்கு வருவோம். ஸ்டூடியோவில் ஒரு ரீங்காரம் புகுந்துவிட்டால் எங்கள் தொழில்நுட்பர் என்ன செய்வார் தெரியுமா? மிக்சரில் ஒவ்வொரு சேனலாக மூடுவார். எதை மூடும்போது ரீங்காரம் நிற்கிறதோ, அங்கே வேலை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்றுவார். காரிலும் அதே முறைதான்.

முதலில் எஞ்சினைக் கணக்கிலிருந்து நீக்குங்கள். சீரான வேகத்தில் போய், எண்ணெய்க் காலை எடுத்துவிடுங்கள். எஞ்சின் சுற்று உடனே குறையும், கார் ஓடிக்கொண்டிருக்கும். சத்தம் எஞ்சினோடு குறைந்தால் அது வேறு கதை. காரின் வேகத்தோடு மெதுவாகக் குறைந்தால் அது சக்கரத்தின் கதை. நின்றிருக்கும்போது எஞ்சினை முறுக்கிப் பார்த்துச் சத்தம் வரவில்லையென்றால் சந்தேகம் இன்னும் உறுதியாகும்.

அடுத்தது சாலை. டயர்ச் சத்தமும் பேரிங் சத்தமும் அண்ணன் தம்பி மாதிரி, தங்கையின் முதல் பட்டறையில் குழப்பம் வந்ததும் அதனால்தான். ஒரு வேறுபாடு உண்டு. புதுத் தார் போட்ட இடத்துக்கு வந்ததும் டயர்ச் சத்தம் மாறிவிடும், சில இடத்தில் அடியோடு அடங்கும். பேரிங்குக்குத் தார் எது, கான்கிரீட் எது என்று தெரியாது. அது பாட்டுக்கு உறுமும். வீட்டுக்கு வந்ததும் டயரின் மேல் உள்ளங்கையை வைத்து முன்னும் பின்னும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் ரம்பம் போலக் குத்தினால் டயர் சீரற்றுத் தேய்ந்திருக்கிறது. முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றிப் போட்டால் இன்னும் தெளிவு: சத்தமும் இடம் மாறினால் டயர், முன்னாலேயே இருந்தால் பேரிங். புது டயருக்குக் காசு கொடுக்கும் முன் செய்ய வேண்டியது இது. டயரைத் தடவும்போதே பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணையும் பார்த்துவிடுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது.

பிறகு வளைவு. பின்னால் யாருமில்லாத, அகலமான, நீண்ட வளைவு போதும். ஸ்டியரிங்கை வெட்டி ஆட்டிப் பார்க்க வேண்டாம். நெடுஞ்சாலையில் ஏறும் இறங்கும் வட்டப் பாதைகளே நமக்குச் சோதனைக்கூடம்.

வீட்டில் ஜேக் வைத்துப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு படி. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் இழுத்து, பின் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து, கியரை நியூட்ரலில் வையுங்கள். காரைத் தூக்கியதும் ஜேக் ஸ்டாண்டின் மேல் இறக்குங்கள். காரோடு வரும் ஜேக் டயர் மாற்ற மட்டும்தான். அதை மட்டும் நம்பிக் காரின் அடியில் கையோ தலையோ நுழைக்க வேண்டாம். ஸ்டாண்டு இல்லையென்றால் இந்தப் பத்தியை வாசிப்பதோடு விட்டுவிட்டு, பட்டறையில் அவர்கள் செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

கடிகாரத்தில் 12-ம் 6-ம் இருக்கும் இடத்தில் டயரைப் பிடித்து உள்ளும் புறமும் ஆட்டிப் பாருங்கள். ஆடவே கூடாது. லேசாக ‘டக்’ என்று ஆடினால், இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். பிரேக் மிதித்த பின்னும் ஆடினால் பால் ஜாயிண்ட் பக்கம் பார்க்க வேண்டும். 3-க்கும் 9-க்கும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் பெரும்பாலும் ஸ்டியரிங் கம்பியின் முனை, நம் பட்டறைகளில் டை ராட் எண்ட் என்பார்கள்.

ஆட்டம் எதுவும் இல்லாமலே பேரிங் கத்தலாம். அங்கிள் உறுதி செய்தது வேறு விதமாக. இடது கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டார், வலது கை விரல்களை எப்சோர்பரைச் சுற்றியிருக்கும் சுருள் வில்லின் மேல் வைத்தார். என்னையும் வைக்கச் சொன்னார். காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. விரலுக்குத் தெரிந்தது: மணலின் மேல் எதையோ உருட்டுவது போல ‘கரகர’வென்று ஒரு நடுக்கம். வலது பக்கத்தில் வைத்தால் ஒன்றுமே இல்லை, வெண்ணெய். சத்தம் காரின் உடம்பு முழுவதும் பரவும், எந்தப் பக்கம் என்று காது ஏமாறும். விரல் அவ்வளவு சுலபத்தில் ஏமாறுவதில்லை.

இப்போது மற்ற சத்தங்கள். பிரேக் பேட் முடியப் போகிறது என்றால் ‘கிறீச்’. பல பேடுகளில் இதற்கென்றே ஒரு சின்ன உலோக நாக்கு வைத்திருக்கிறார்கள்; பேட் மெலிந்ததும் அது டிஸ்கைத் தொட்டுக் கத்தும். பிரேக்கை லேசாக மிதித்ததும் சத்தம் மாறினால் அல்லது நின்றால் சந்தேகம் பிரேக்கின் மேல். ‘கிறீச்’சில் போனால் பேட் மட்டும் மாற்றலாம். ‘நறநற’ வரும்வரை காத்திருந்தால் இரும்பு இரும்பைத் தின்று டிஸ்கும் போய்விடும். அதைவிட, பிரேக் பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காமல் போகும். புதுப் பேட் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். 3-க்கு வந்துவிட்டால் பேச்சுக்கு இடமில்லை, மாற்றிவிடுங்கள்.

பேரங்காடியின் அடித்தளக் கார் நிறுத்துமிடத்தில் திரும்பும்போது வரும் ‘கிறீச்’சைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். அது பளபளப்பான தரையின் சத்தம், காரின் நோய் அல்ல. ஆனால் அதே இடத்தில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து, எண்ணெய் கொடுத்து நகரும்போது சுவரில் மோதித் திரும்பி ‘டக் டக் டக்’ என்று கேட்டால் டிரைவ் ஷாஃப்டின் வெளி முனையைப் பாருங்கள். அங்கே மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருக்கும். அது கிழிந்து, ரிம்மின் உள்பக்கம் கறுப்பு கிரீஸ் தெறித்திருந்தால் வேறு சாட்சி வேண்டாம். உறை கிழிந்ததும், சத்தம் வரும் முன்னே பார்த்துவிட்டால் உறையும் கிரீஸும் மாற்றுவதோடு போகும்.

குழியில் இறங்கும்போது மட்டும் ‘டொக்’ என்பது ஸ்டெபிலைசர் லிங்க், லோவர் ஆர்ம் புஷ், எப்சோர்பரின் மேல் மவுண்ட்டிங் இவற்றில் ஒன்று. அதற்கு ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம், இப்போது வேண்டாம். கம்போங் சாலையில் போய் வந்த பிறகு திடீரென்று தகரத்தைச் சுரண்டுவது போலச் சத்தம் வந்தால் பெரும்பாலும் டிஸ்குக்கும் அதன் பின்னால் இருக்கும் மெல்லிய தகட்டுக்கும் நடுவில் ஒரு கல் மாட்டியிருக்கும். கேட்பதற்கு இதுதான் பயங்கரம், சரி செய்வதற்கு இதுதான் சுலபம். கல்லை எடுத்து, வளைந்த தகட்டை நிமிர்த்திவிட்டால் முடிந்தது.

ஒரே ஒரு சத்தத்துக்கு மட்டும் வீடு வரை காத்திருக்கக் கூடாது. டயர் மாற்றிய அன்றோ மறுநாளோ, முன்னாலிருந்து சக்கரத்தோடு சேர்ந்து ‘டக டக டக’ வந்து ஸ்டியரிங்கும் ஆடினால், சக்கர நட்டு தளர்ந்திருக்கலாம். பத்திரமான இடத்தில் உடனே ஒதுங்குங்கள். அவசர விளக்கைப் போட்டு, ஆட்களைத் தடுப்புக்கு அப்பால் நிறுத்திவிட்டு நட்டுகளைப் பாருங்கள்.

உறுமும் பேரிங்கோடு எத்தனை நாள் ஓட்டலாம் என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. ஒரு வாரமும் ஓடலாம், ஆறு மாதமும் ஓடலாம். யாராவது உங்களுக்குக் கிலோமீட்டர் கணக்குச் சொன்னால் நம்பாதீர்கள். வெறும் உறுமல் என்றால் இந்த வாரத்துக்குள் பட்டறைக்குப் போகும் வேலை. உறுமலோடு சக்கரத்தில் ஆட்டமும் வந்துவிட்டால் ஓட்டவே வேண்டாம். ஆடும் சக்கரத்தோடு டிஸ்கும் ஆடி, பிரேக் பேடைப் பின்னுக்குத் தள்ளும். அடுத்த முறை மிதிக்கும்போது பெடல் ஆழமாக இறங்கும். சில கார்களில் ஏபிஎஸ் விளக்கும் எரியும், சக்கரத்தின் வேகத்தை அளக்கும் சென்சார் குழம்புவதால். முற்றினால் பேரிங் சூடேறி இறுகலாம், சக்கரமே கழன்று போகலாம். பெரும்பாலான முழுக் காப்புறுதிகளில் இழுவை வண்டிச் சேவை இருக்கிறது. வருடா வருடம் பணம் கட்டும் நாம் அதைக் கூப்பிடக் கூச்சப்படுகிறோம். தீபாவளிக்குக் கோலாலம்பூரிலிருந்து ஈப்போ வரை 200 கிலோமீட்டர், பட்டர்வொர்த் வரை ஏறக்குறைய 350. பின்னால் பிள்ளைகள், பூட்டில் முறுக்கு டின். “ஊருக்குப் போய்ட்டு வந்து பார்த்துக்கலாம்” என்று தள்ளிப்போடும் வேலை இதுவல்ல.

மாற்றும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் பட்டறையில் நிற்கும்போது விழிக்க வேண்டியதில்லை. பல சின்னக் கார்களில் முன் பேரிங், நக்கிள் என்ற கனமான இரும்புத் துண்டுக்குள் இறுக்கமாகச் செருகப்பட்டிருக்கும். நக்கிளைக் கழற்றி, ஹைட்ராலிக் பிரெஸ்ஸில் பழையதை வெளியே தள்ளி, புதியதை உள்ளே அழுத்த வேண்டும். சுத்தியல் கூடாது. நக்கிளுக்குள் அழுத்தும்போது வெளி வளையத்தின் மேல் மட்டும் பாரம் விழ வேண்டும். உள் வளையத்தின் மேல் அழுத்தினால் அந்தப் பாரம் குண்டுகள் வழியாகப் போய், புதுப் பேரிங்கின் பாதையில் முதல் நாளே பள்ளம் விழும். புதிதாக மாற்றியும் சில மாதத்தில் உறுமுகிறது என்று புலம்புகிறவர்களில் சிலருக்குக் காரணம் இது. பழைய பேரிங்கின் உள் வளையம் பாதி ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டு வருவதும் சகஜம். அதை எடுத்த பின் ஹப்பின் மேற்பரப்பு தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தேய்ந்த ஹப்பில் புதுப் பேரிங் நிலைக்காது. ஏபிஎஸ் உள்ள கார்களில் பேரிங்கின் ஒரு முகத்தில் காந்த வளையம் இருக்கலாம். அந்த முகம் சென்சாரைப் பார்த்து இருக்க வேண்டும். நடு அச்சின் பெரிய நட்டைப் புதிதாகவே போட்டு, அளவுகோல் ஸ்பானரால் இறுக்குவது நல்ல பட்டறையின் அடையாளம்.

என்எஸ்கே, கோயோ, என்டிஎன் எல்லாம் பெயர் பெற்ற ஜப்பானிய பேரிங்குகள். பெயர் பெற்றதாலேயே அவற்றுக்குப் போலியும் உண்டு. சந்தேகப்படும் அளவுக்கு மலிவாக யாராவது கொடுத்தால் வேண்டாம். கூலிதான் பெரிய செலவு. அதையே இரண்டு முறை கொடுப்பதில் அர்த்தமில்லை. இரண்டு பக்கமும் மாற்றச் சொல்கிறார்களே என்று கேட்பீர்கள். பிரேக் பேட் என்றால் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், இல்லையென்றால் பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். பேரிங்குக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சத்தமில்லாத, ஆட்டமில்லாத பக்கத்தை விட்டுவிடலாம் என்பது என் அபிப்பிராயம். தங்கையும் இடது பக்கம் மட்டும்தான் மாற்றினாள்.

பட்டறையில் போய் “முன்னால சத்தம் வருது, பாருங்க” என்று மட்டும் சொல்லாதீர்கள். “50-க்கு மேல உறுமுது, வலது பக்கம் வளைஞ்சா கூடுது, பிரேக் மிதிச்சா மாறல, புது ரோட்லயும் அதே சத்தம்” என்று சொல்லிப் பாருங்கள். கேட்கிறவரின் முகம் மாறும். குறிப்பாகத் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு போகும் பெண்களுக்கு இதைச் சொல்கிறேன். “ஒன்னும் இல்லமா, காரே பழசு” என்ற பதில் நமக்குத்தான் அதிகம் வருகிறது. கைப்பேசியில் சத்தத்தைப் பதிவு செய்தும் கொண்டு போகலாம். ஓட்டுகிறவர் அல்ல, பக்கத்தில் இருப்பவர் பதிவு செய்யட்டும். எந்த வேகம், எந்த வளைவு என்று அவரே வாயால் சொல்லிக்கொண்டே பதிவு செய்தால் இன்னும் நல்லது.

வேலை முடிந்ததும் பழைய பேரிங்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பிரித்து எடுத்ததில் குண்டும் பாதையும் வெளியே தெரியும். பொத்தலை நகத்தால் தடவினாலே தெரிந்துவிடும். கழற்றியபோது எப்சோர்பரின் கீழ் போல்ட்டுகளைத் தளர்த்தியிருந்தால் அலைன்மெண்ட் பார்த்துவிட வேண்டும், இல்லையென்றால் புது டயர் மறுபடி ஓரத்தில் தேயும். அதே சாலையில், அதே வேகத்தில், அதே வளைவில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு சக்கர நட்டுகளை இன்னொரு முறை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பெரும்பாலும் யாரும் காசு கேட்பதில்லை.